எத்ருஸ்கரின் ஈமச் சிற்பம்: மூடியும் பேழையும்

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில், ஆர்னோ ஆற்றுக்கும் தைபர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில், கி.மு. 9ஆம் நூற்றாண்டு தொடங்கிக் கி.மு. 1ஆம் நூற்றாண்டு முடிய ஒரு தனி நாகரிகம் நிலவியது. அதற்குரிய மக்கள் தம்மை ‘ரசென்னா’ என்று வழங்கினர் எனக் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோனீசியஸ் கூறுவர். உரோமர் அவர்களை எத்ருஸ்கர் என்றனர். அவர்கள் நூல் எழுதினர். துணியில் எழுதப்பட்ட ஒன்றொழிய ஏனைய நூல்கள் மறைந்தன. நகரம் சமைத்தனர், அவற்றின் மேல் உரோமரும் அவர்க்குப் பின் வந்தோரும் வேறு நகரங்களை எழுப்பினர். எஞ்சி நிற்பவற்றுட் பெரும்பாலன ஈமக் குழிகளே. ஆகவே எத்ருஸ்கர் வாழ்வைப் பற்றி நாம் பேசுவன பலவும் அவர்தம் சாவுச் சடங்கின் வழியே பெற்றவை என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இதனை மறந்தமையாற் பிழைபட்ட முடிபுகள் பல.

எத்ருஸ்கக் கலையைத் திறனாய்ந்தோர் இரு திறத்தர். ஒரு திறத்தார் கிரேக்கக் கலையை அளவுகோலாகக் கொண்டு அளந்து, இது குறைந்தது என்றனர். 1764இல் பண்டைக் கலை வரலாறு எழுதிய விங்கெல்மன் இவர்க்குத் தலைவர். எத்ருஸ்கர் துயர்மிகு இயல்பினர், மூட நம்பிக்கையிற் செறிந்தவர், ஆதலின் கிரேக்க அழகின் நிறைவை எய்திலர் என்பது அவர் துணிபு. மற்றொரு திறத்தார், குறிப்பாக 1927இல் அவ்வூர்களைச் சுற்றிப் பார்த்த ஆங்கில நாவலாசிரியர் லாரன்ஸ், இதற்கு நேர்மாறாக, எத்ருஸ்கர் வாழ்வை நுகர்ந்து மகிழ்ந்த மக்கள், சாவையும் ஒரு விருந்தாகக் கண்டவர் எனப் போற்றினர். ஒரே மக்களை ஒருவர் துயர்க்குரியவர் என்றும் மற்றொருவர் களிப்புக்குரியவர் என்றும் கூறுதல் வியப்பன்று. ஒருவர் பேழையின் முன்புறத்துப் புடைப்புச் சிற்பத்தை நோக்குகிறார். மற்றவர் அதன் மூடிமேற் சாய்ந்திருக்கும் உருவத்தின் புன்னகையை நோக்குகிறார். இரண்டும் ஒரே பொருளின் இரு பகுதிகள் என்பதே ஈண்டு யாம் நிறுவ முயல்வது.

மூடி தலையாதல் மிகப் பழையதொரு வழக்கு. கி.மு. 9ஆம் நூற்றாண்டினராகிய வில்லனோவப் பண்பாட்டினர் எரித்த சாம்பலை இருகூம்பு வடிவத் தாழியில் இட்டு, அதன் வாயைக் கிண்ணத்தாலோ தலைக்கவசத்தாலோ மூடினர். தலைக்கவசத்தை மூடியாக இட்ட கணமே தாழி உடலாகிவிட்டது. இக்குறிப்பைக் கியூசி நகரத்தார் விரித்தனர். அந்நகரைச் சார்ந்த குழிகளிற் கிடைத்த கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுத் தாழிகளில் மூடி மனிதத் தலையாகவும், பிடிகள் கைகளாகவும், தாழியின் வயிறு மார்பாகவும் மாறக் காண்கிறோம். அவற்றுட் சில வெண்கலத்தாலோ சுடுமண்ணாலோ ஆன இருக்கையின்மேல் அமர்த்தப்பட்டன. இவற்றை எகிப்தியப் பெயரால் ‘கனோபிக்’ தாழிகள் என்று வழங்குவது பொருந்தாத வழக்கு. எகிப்தியர் அக்கலங்களில் இட்டது உடலினின்றும் பிரித்தெடுத்த உள்ளுறுப்புகளை. கியூசியார் இட்டது சாம்பலை. எகிப்தியக் கலம் உடலுக்குத் துணை. கியூசித் தாழியோ தானே உடல். தீ அழித்த உருவத்தைக் குயவன் மீளத் தருகிறான். இருக்கையிட்டு வீட்டிற் பெரியவராக அமர்த்துகிறான். சாயல் உண்டா எனின், ஆண் பெண் வேறுபாடும் முதுமை இளமை வேறுபாடும் ஒருவாறு தோன்றும். அதற்குமேற் சொல்லல் துணிவாகும்.

இனி, செர்வெத்தேரி நகரத்துச் சுடுமண் பேழைகள் இரண்டையும் விரிவாக நோக்குவோம். ஒன்று 1840களில் கம்பானா என்பவரால் அகழ்ந்தெடுக்கப்பெற்று, 1861இல் பிரெஞ்சு அரசால் வாங்கப்பெற்றுப் பாரிசு லூவர் காட்சிச்சாலையில் உள்ளது. மற்றொன்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ 400 உடைசல்களாகக் கிடைத்து, ஒன்று சேர்க்கப்பெற்று, உரோம் நகரத்து வில்லா ஜூலியாவில் உள்ளது. இரண்டும் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சார்ந்தவை. கணவனும் மனைவியும் ஒரே மஞ்சத்தில் இடக்கையை ஊன்றிச் சாய்ந்திருக்கின்றனர். மனைவி முன்னே, கணவன் பின்னே. கணவனின் வலக்கை மனைவியின் தோளைச் சூழ்கிறது. அவள் தலையிற் கூம்பிய தொப்பி, தோள்களிற் சடைகள், காலில் நுனி மேல்நோக்கி வளைந்த காலணி. அவன் கால்களோ வெறுங்கால்கள். நான்கு கைகளும் எதையோ ஏந்தவும் கொடுக்கவும் கொள்ளவும் முனைந்த நிலையில் உள்ளன. ஏந்திய பொருள்கள் இன்றில்லை. நறுநெய் ஊற்றினாள் என்பாரும், முட்டையோ மாதுளையோ ஏந்தினாள் என்பாரும் உளர்.

கிரேக்க அளவுகோலுடன் வருவார்க்கு இதன் குற்றங்கள் உடனே புலப்படும். இடைக்கு மேற்பட்ட உடல் நிமிர்ந்து நிற்க, இடைக்குக் கீழ்ப்பட்ட பகுதி தட்டையாக நீண்டு கிடக்கிறது. இரண்டும் கூடுமிடத்தில் மனித இடுப்புக்கு இயலாத திருப்பம் உள்ளது. கால்களைப் போர்த்த ஆடையின் கீழ் உடல் இருப்பதாகவே தோன்றவில்லை. அதே காலத்துக் கிரேக்கச் சிற்பி கல்லில் முழங்காலின் எலும்பையும் அடிவயிற்றின் தசையையும் ஆராய்ந்துகொண்டிருந்தான் என்பது உண்மை. ஆயினும் குற்றம் எனப்படுவது அறியாமையால் வந்ததா, தெரிந்து விட்டதா என ஆராய்தல் திறனாய்வாளன் கடமை. கைவிரல்களின் நுட்பத்தைப் பார்ப்பவர் அறியாமை என்று கூறார். இக்கலைஞனுக்கு வேண்டியவை முகமும் கையும். பார்ப்போரை நோக்கிய இரு முகங்களும், பேச்சோடு கூடிய நான்கு கைகளுமே இவனுக்குப் பொருள். கால்கள் மஞ்சத்தின் நீளத்தை நிரப்புவதற்கு மட்டுமே. மெய்ப்பாடு எங்கே தோன்றுமோ அங்கே மட்டும் உழைப்பைச் செலுத்தியுள்ளான். பொருளும் இதற்குத் துணை செய்தது. செர்வெத்தேரியின் நிலம் எரிமலைச் சாம்பல் இறுகிய மென்கல். குழி குடைய ஏற்றது, நுண்சிற்பத்திற்கு ஏலாதது. சுடுமண்ணோ விரலின் அழுத்தத்தை அப்படியே ஏற்பது. இத்துணைப் பெரிய உருவத்தைச் சூளையிலிட்டால் வெடிக்கும் ஆதலின், நான்கு பகுதிகளாகச் செய்து சுட்டுப் பொருத்தினர். வண்ணமும் தீட்டினர்.

இவ்விருவரும் ஒரே மஞ்சத்தில் இருத்தலே கிரேக்கர்க்கு அதிர்ச்சி தந்த செய்தி. சாய்ந்து உண்ணும் வழக்கம் கீழை நாட்டினின்றும் வந்தது. நினிவே அரண்மனைப் புடைப்புச் சிற்பத்தில் அசூர்பனிபால் மன்னன் மஞ்சத்திற் சாய்ந்திருக்க, அரசி அருகே இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாள். கிரேக்க ஈமவிருந்துச் சிற்பங்களிலும் கணவன் சாய்ந்திருப்பான். மனைவி காலடியில் அமர்ந்திருப்பாள். ஆடவரோடு சாய்ந்து விருந்துண்ணும் பெண் கிரேக்கருக்குக் கணிகை ஒருத்தியே. ஆகவே கி.மு. 4ஆம் நூற்றாண்டினராகிய தியோபோம்பஸ், எத்ருஸ்க மகளிரின் ஒழுக்கத்தை இழித்து நெடிது எழுதினார். அவர் எழுதியது எத்ருஸ்கரைப் பற்றிய சான்றன்று. கிரேக்கரின் திகைப்பைப் பற்றிய சான்று. இதனைச் சொல்லும்போது எதிர்த்திசையில் நெடுந்தொலை செல்லாமையும் வேண்டும். மஞ்சத்தில் இடம் பெற்றமையால் எத்ருஸ்கப் பெண் ஆட்சியிலும் சமபங்கு பெற்றாள் என முடிப்பதற்குக் கல்வெட்டுகள் இடந்தரவில்லை. ஆட்சிப் பதவிகளின் பெயர்கள் ஆடவர் பேழைகளிலேயே காணப்படுகின்றன. சிற்பம் உறுதியாகக் கூறுவது ஒன்றே: குடியின் பெருமை இருவராலும் ஆவது. மூடியின்மேல் அதனையே காட்டினர்.

இப்பேழைகளைப் போலிசெய்தவர் ஒருவரின் கதையும் ஈண்டு உதவும். பிரித்தானியக் காட்சிச்சாலை 1870களில் ஒரு சுடுமண் பேழையை வாங்கியது. லூவர் பேழையைப் பார்த்து இத்தாலியத் தொழிலாளர் இருவர் செய்த போலி அது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அதில் பொறித்த எழுத்துகள் லூவரில் உள்ள ஒரு பொன் ஆடையூசியின் வாசகத்தைப் பெயர்த்தவை. அஃதாவது, ஊசி தன்னைப் பற்றிக் கூறியதை ஈமப்பேழை கூறலாயிற்று! போலிசெய்தவர் எழுத்தை அணி என்று கருதினர். எத்ருஸ்கர்க்கோ அஃது உயிர். மூடியில் முகத்தை அமைத்தவன் பெயரையும் உடன் கேட்டான் என்பதைப் பின்னர்க் காண்போம்.

குழியின் உட்புறம் வீடு போன்று அமைந்தது என்பது பலரும் அறிந்தது. செர்வெத்தேரியில் மதுனா குடியினர்க்குரிய ‘புடைப்புச் சிற்பக் குழி’யில், சுவரிலும் தூண்களிலும் சுதையால் வீட்டுப் பொருள்கள் உருவாக்கப்பட்டுள்ளன: கயிறு, கத்தி, குடம், தலையணை, கேடயம், கால்வைக்கும் முக்காலியின்மேல் ஒரு காலணி இணை. ஒரு பெட்டியும், அதன்மேல் மடித்துவைத்த துணிநூலும் உண்டு. அத்தகைய துணிநூல்களுள் ஒன்று எகிப்திய நாட்டுப் பிணம் ஒன்றைச் சுற்றிய கட்டாக வந்து, இன்று சாக்ரெப் நகரில் இருக்கிறது. முன்னர் யாம் ஒன்றொழிய என்றது அதனையே. ஆனால் இவ்வீட்டுச் சுவரில், நடுமஞ்சத்தின் கீழே, கீழுலகத்தின் பல்தலை நாயும் அமர்ந்திருக்கிறது. காலணியைக் கண்டு நெகிழ்வோர் நாயைக் காண்பதில்லை.

எத்ருஸ்கக் கலை முன்பு களிப்பாக இருந்தது, உரோமர் வென்றபின் துயராக மாறிற்று என்பது பாடநூல்களில் நிலைத்துவிட்ட கருத்து. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் விருந்தும் ஆடலும் மீன்பிடியும் ஒருபுறம். பின்னைய நூற்றாண்டுகளில் சம்மட்டி ஏந்திய சாருன், சிறகும் தீப்பந்தமும் உடைய வந்த் ஆகிய சாவுத் தெய்வங்கள் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே அரசியல் வீழ்ச்சியை வைத்துக் காரணம் காட்டுவர். இக்கருத்து எளிதாக இருப்பதே அதன் வலிமை. இதனை ஏற்பதற்கு எமக்குத் தடையாய் நிற்பது தர்குவினியாவில் 1985இல் வெளிப்பட்ட ஒரு குழி. நீல வண்ணப் பேயுருவால் பெயர் பெற்ற அக்குழி, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சார்ந்தது. எத்ருஸ்க நகரமாகிய வேயி உரோமர் கைப்பட்டது கி.மு. 396இல், வொல்சினி வீழ்ந்தது கி.மு. 264இல். ஆகவே பேயுருவங்கள் உரோம வெற்றிக்கு முன்னரே வந்துவிட்டன. கி.மு. 474இல் கூமே கடற்போரில் எத்ருஸ்கர் தோற்றமையைக் காரணமாகக் காட்டுவாரும் உண்டு. ஆனால் அக்குழியின் சுவர்களே அதனையும் மறுக்கின்றன. ஒரு சுவரில் தேரூர்தியோடு கூடிய செலவு. எதிர்ச் சுவரில் விருந்து. வலச் சுவரில் பேயுருவங்கள், படகோட்டி, அவனை நோக்கி அழைத்துச் செல்லப்படும் ஒரு பெண், அவளை எதிர்கொள்ளும் ஒரு பெண்ணும் சிறுவனும். விருந்தும் பேயும் ஒரே அறையில், ஒரே காலத்தில் உள்ளன. ஒன்று மறைந்து மற்றொன்று தோன்றிற்று என்பதற்கு இடமேயில்லை. மாறியது உணர்வன்று; எதனைத் தீட்டலாம் என்ற வழக்கு விரிந்தது, அவ்வளவே.

மூடி பேழை என்னும் பிரிவு பின்னைய காலத்தில் மிகத் தெளிவாகிறது. வோல்தெர்ராவில் வெண்பளிங்கு போன்ற அலபாஸ்தர்க் கல்லாலும், கியூசியில் சுடுமண்ணாலும், தர்குவினியாவில் நென்ஃப்ரோ என்னும் எரிமலைக் கல்லாலும் பேழைகள் செய்தனர். மூடியில் இறந்தார் சாய்ந்திருப்பர். ஆடவர் கையில் பலிக்கிண்ணமோ சுருளோ, மகளிர் கையில் கண்ணாடியோ விசிறியோ மாதுளையோ இருக்கும். தர்குவினியாவின் லாரிஸ் புலெனாஸ் தன் கையில் விரித்த சுருளில் தன் முன்னோரையும் தான் ஆற்றிய பணிகளையும் ஒன்பது வரிகளில் பொறித்து நமக்குக் காட்டியவாறு சாய்ந்திருக்கிறான். பேழையின் முன்புறத்தில், அவன் உருவத்திற்கு நேர் கீழே, சாருன்கள் இருவர் சம்மட்டி ஓங்குகின்றனர். அவன் அதனைக் காண்பதில்லை. மூடிமேல் இருப்பவர் எவரும் தம் பேழையைக் குனிந்து நோக்குவதில்லை என்பது இக்கலையின் அசையா விதி.

வோல்தெர்ராப் பேழைகள் சிறியன. பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளத்திற்கும் உட்பட்டவை. சாம்பலுக்கு அவ்வளவு இடமே போதும். அவற்றின் மூடியில் தலை பெருத்தும் உடல் சுருங்கியும் காணப்படும். இதனை வீழ்ச்சி என்பர். செர்வெத்தேரிக் கலைஞன் கால்களைக் கைவிட்ட அதே தேர்வின் தொடர்ச்சி இது என்பது எமது கருத்து. பேழையின் முன்புறத்திலோ வேறு கை. எத்தியோக்ளிஸ் பாலினிசீஸ் உடன்பிறந்தார் ஒருவரையொருவர் குத்தி வீழ்தல், ஒடிசியஸ் சைரன்களைக் கடத்தல் போன்ற கிரேக்கக் கதைகள் அங்கே தேர்ந்த உடலமைப்போடும் நெருக்கமான இயக்கத்தோடும் செதுக்கப்பட்டுள்ளன. கிரேக்க முறை இக்கலைஞர்க்குத் தெரியாது என்று இனிக் கூற இயலாது. தெரிந்த முறையைக் கீழே வைத்தனர். தமக்குரிய முறையை மேலே வைத்தனர். கதைக்குக் கிரேக்கம், ஆளுக்கு எத்ருஸ்கம். கூரையிட்ட வண்டியில் குடும்பத்தோடு செல்லும் இறுதிச் செலவும் சில பேழைகளில் உண்டு. எம் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பவை அவையே.

இங்கே ஒரு நடைமுறை இடையூற்றையும் சொல்லவேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அகழ்ந்தோர் மூடிகளையும் பேழைகளையும் தனித்தனியே எடுத்து, அளவு பொருந்தியவாறு மீளக் கூட்டினர். எனவே வோல்தெர்ராவின் குவர்னாச்சிக் காட்சிச்சாலையில் உள்ள 600க்கு மேற்பட்ட பேழைகளுள் எவ்வளவு தம் மூடியொடு உள்ளன என்று துணிதல் அரிது. மூடிக்கும் பேழைக்கும் நுண்ணிய குறிப்புத் தொடர்பு கண்டு எழுதுவோர், அவை ஒன்றோடொன்று பிறந்தவையா என முதலில் ஆராய்தல் நன்று. அங்குள்ள முதிய தம்பதியர் சுடுமண் மூடி, கி.மு. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது, பெயர்பெற்றது. சுருக்கம் விழுந்த கன்னமும் ஒடுங்கிய வாயுமாகக் கிழவன் தொலைவை நோக்குகிறான். கிழவி அவன் முகத்தையே நோக்குகிறாள். செர்வெத்தேரித் தம்பதியர் இருவரும் நம்மை நோக்கினர். 400 ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இந்தப் பார்வையில் உள்ளது.

முகம் உண்மை முகமா என்னும் வினாவுக்குக் கியூசிப் பெருமாட்டி ஒருத்தியின் பேழை ஓரளவு விடை தருகிறது. சேயாந்தி ஹனுனியா திலெஸ்னாசா என்பது அவள் பெயர். பேழையின் முன்புறத்தில் பொறித்துள்ளது. 1886இல் கியூசிக்கு அருகே கிடைத்து இலண்டனில் பிரித்தானியக் காட்சிச்சாலையில் இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி. சுடுமண் உருவம், வண்ணம் இன்னும் பெரிதும் அழியவில்லை. இடக்கையிற் கண்ணாடி, வலக்கை தலைமுக்காட்டை விலக்குகிறது, அது மணமகளின் கைக்குறி. நிறைந்த தோள், இளமை மாறாத கன்னம். அரிதாக, இப்பேழையினுள் அவள் எலும்புகள் முழுமையாக இருந்தன. மருத்துவ அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து, அவள் ஏறத்தாழ 50 வயதைக் கடந்து இறந்தவள், இளமையில் இடுப்பில் பெருங்காயம் பட்டவள், அதனாற் பின்னர் நடத்தற்கே இடர்ப்பட்டவள், பற்களிற் பெரும்பாலன இழந்தவள் எனக் கண்டனர். குதிரையினின்றும் வீழ்ந்த காயமாகலாம் என்பது அவர்கள் கருத்து. மண்டையோட்டின்மேல் முகத்தையும் மீளப் புனைந்தனர்.

புனைந்த முகமும் சிற்ப முகமும் ஒன்றே என ஒரு சாராரும், சிற்பம் வெறும் மாதிரி உருவே எனப் பிறரும் வாதிட்டனர். ஃபுளோரன்சு நகரில் உள்ள லார்த்தியா சேயாந்தி என்னும் அதே குடிப் பெண்ணின் மூடியை உடன்வைத்துப் பார்ப்பின், கண்ணாடி, முக்காடு, அணி, சாய்வு ஆகிய அனைத்தும் ஒத்திருத்தல் புலனாகும். ஆகவே நிலை பட்டறைக்கு உரியது. முகத்தின் எலும்பமைப்பு ஓரளவு அவளுக்கு உரியதாகலாம். ஆனால் நடக்க இயலாத மூதாட்டியை மணமகளாகச் சாய்த்து வைத்ததை ‘அழகூட்டல்’ என்ற ஒரு சொல்லாற் கடந்துவிடல் தகாது. அவள் எந்த நாளில் அக்குடிக்கு உரியவளானாளோ அந்த நாளின் உருவம் அது. அவள் இறந்தநாளின் முகத்தை அறிய வீட்டார்க்குச் சிற்பி வேண்டியதில்லை.

இவ்வாறாயின், இவ்வுருவத்தை அவளுடையதாக்குவது எது? பெயரே. கியூசியில் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அச்சிலிட்டு எடுத்த சிறு சுடுமண் பேழைகள் பெருகின. ஏர்க்கலப்பையால் பொருதும் வீரன் ஒருவனின் அதே காட்சி பேழைதோறும் வரும். செல்வமில்லார்க்கும் எட்டிய பேழைகள் அவை. எல்லாம் ஒன்றுபோலிருக்க, விளிம்பில் எழுதிய பெயர் மட்டும் வேறு. 10,000க்கு மேற்பட்ட எத்ருஸ்கக் கல்வெட்டுகளுட் பெரும்பகுதி இத்தகைய பெயர்களே. கிரேக்க எழுத்தினின்றும் வந்த எழுத்தாதலின் படித்தல் எளிது. மொழியோ பிற மொழிக் குடும்பங்களுட் பெரும்பாலானவற்றோடு சேராதது. ‘க்லன்’ மகன், ‘செக்’ மகள், ‘புயா’ மனைவி, ‘அதி’ தாய், ‘அபா’ தந்தை. இறுதிச் சொல்லைக் கண்டு நம் மொழியோடு உறவு கொண்டாட முனைவார் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திராவிட உறவை ஆராய்ந்த மேலை அறிஞரும் உண்டு. அம்முயற்சி நிலைபெறவில்லை. மழலைச் சொல் உலகெங்கும் ஒத்திருப்பது. அதன்மேல் மொழியுறவைக் கட்டுதல் மணலிற் கட்டுவதாம்.

பெயரமைப்பில் ஒன்று நோக்கற்பாலது. தந்தை பெயரோடு தாயின் குடிப்பெயரும் பலவிடத்துச் சேர்ந்து வரும். உரோமர் வழக்கில் தந்தை பெயரே உண்டு. பெரூஜியா நகரை அடுத்து 1840இல் வெளிப்பட்ட வெலிம்னா குடியினர் குழியில், அர்ந்த் வெலிம்னா என்பான் தன் மூடிமேல் சாய்ந்திருக்க, பேழையில் தீட்டிய கதவின் இருமருங்கும் வந்த் தெய்வங்கள் அமர்ந்துள்ளன. அதே குழியில் அவன் வழியில் வந்த ஒருவனின் சலவைக்கல் பேழையும் உண்டு. அதன்மேல் உருவமே இல்லை. பேழை ஒரு கட்டடத்தின் வடிவில் அமைந்தது. மூடி அதன் கூரை. முன்புறத்தில் இலத்தீன் எழுத்தில் பூப்லியுஸ் வொலும்னியுஸ் வியொலென்ஸ் என உரோமனாகப் பெயர் பொறித்து, ஆயினும் காஃபாத்தியா ஈன்றவன் என்று தாயின் குடியையும் விடாது சேர்த்துள்ளான். கூரைமேல், முன்னோர் முகம் இருந்த இடத்தில், அதே பெயர் எத்ருஸ்க மொழியில் எழுதப்பட்டுள்ளது.